பதினான்கு சுற்று

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதமாகப் பிறந்திருக்க வேண்டியது. எனக்கு அது எழுத வரவில்லை. அதனால்தான் கதையாக வந்து உங்கள் கையில் விழுந்திருக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினேன். எனக்குத் தெரிந்த எழுத்து மனு ஒன்றுதான். தெருவிளக்கு எரியாவிட்டால் மனு, குப்பை வண்டி வராவிட்டால் மனு, சாக்கடை மூடி உடைந்தால் மனு. 'கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது' என்று ஆரம்பித்துவிட்டால் போதும், பேனா தானாகப் புகாருக்குள் இறங்கிவிடும். நன்றி சொல்ல உட்கார்ந்த அன்றும் அப்படித்தான். மூன்றாவது வரியிலேயே நூலகத்துக்கு எதிரில் இருக்கும் பள்ளத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மருமகள் வாங்கிப் படித்தாள்.

"மாமா, இது நன்றியா, நோட்டீஸா?"

"நன்றிதான். கடைசியில வரும்."

"கடைசி வரைக்கும் அவங்க படிக்கணுமே. பேசாம கதையா எழுதிடுங்க. கதைக்கு யாரும் ரசீது கேக்கமாட்டாங்க."

கதை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். பிடித்துக் கேட்டால் கற்பனை என்று கையை உதறிவிடுவார்கள். அதனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் மனுக்காரர் நான்தான். 'நான்' என்று எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன். 'அவர்' என்று எழுதினால் திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.

2

முதல் ஆரம்பம்: கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஒரு காலிக் குடம் தன் வாயைத் திறந்து ஏக்கத்தோடு—

(விட்டுவிட்டேன். குடத்துக்கு ஏக்கம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.)

இரண்டாவது: தண்ணீர் என்பது உயிர்கள் அனைத்துக்கும்—

(இது பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி.)

மூன்றாவது: பதினோரு நாளாகத் தெருவில் தண்ணீர் இல்லை.

இது உண்மை. இதுவே இருக்கட்டும்.

பதினோரு நாளாகத் தெருவில் தண்ணீர் இல்லை. காலை ஆறு மணிக்குத் தொட்டியில் திறந்து எட்டு மணிக்கு மூடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. இந்தப் பதினோரு நாளும் அந்த நேரத்தில் குழாய்கள் காற்றைத்தான் விட்டன. முழங்கால் மூட்டு அறுவை செய்துகொண்ட மனைவி கட்டிலில் இருக்க, மனுக்காரர் மூன்று தெரு தள்ளி இருக்கும் அடிகுழாயிலிருந்து மாடிக்குக் குடம் சுமந்தார். ஒவ்வொரு படியிலும் ஒருவரைத் திட்டினார். பத்தொன்பது படி. கடைசிப் படிகளில் திட்டுவதற்கு ஆள் போதவில்லை. அதனால் சாவிக்காரரையே மறுபடி மறுபடி திட்டினார்.*

* சாவிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். தெருமுனையில், மண்ணுக்கடியில் இருக்கும் வால்வைத் திறந்து மூடுவது அவர் வேலை. சாவி என்றால் இடுப்பு உயர இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. குழிமூடியில் உள்ள ஓட்டை வழியாக அதை இறக்கி இடப்பக்கம் பதினான்கு சுற்று சுற்றினால் திறக்கும். வலப்பக்கம் பதினான்கு சுற்றினால் மூடும். பதினெட்டு வருஷமாகச் சுற்றுகிறார். வால்வின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

3

இந்தச் சாவிக்காரரை எப்படி எழுதுவது என்பதில்தான் நான் தடுமாறினேன். ஏற்கெனவே அவரை ஒருமுறை எழுதிவிட்டேன் அல்லவா? வார்டு அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவில். 'மேற்படி நபர் கைநீட்டி வாங்கிக்கொண்டு எங்கள் தண்ணீரை மேல்தெருவுக்குத் திருப்பிவிடுகிறார்.' எழுதும்போது பேனா ஓரிடத்திலும் நிற்கவில்லை. மேல்தெருவில் தண்ணீர் வந்தது, எங்களுக்கு வரவில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நாற்பத்து மூன்று வீட்டில் கையெழுத்து வாங்கினேன். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

(பாருங்கள், 'நான்' நுழைந்துவிட்டது. திட்ட வேண்டிய இடத்தில் சரியாக நுழைந்திருப்பதால் விட்டுவிடுகிறேன்.)

புதன்கிழமை வார்டு அலுவலகக் கூடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, இரண்டு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த இன்ஜினியரம்மா. மனுக்காரருக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். எழுதுகிற ஆட்கள் எதையும் செய்வதில்லை என்பது மனுக்காரரின் முடிவு. இத்தனைக்கும் அவரே வாழ்நாளெல்லாம் எழுதிக்கொடுத்த ஆள்.

"பதினோரு நாளும்மா. உங்க ரிஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கு?"

"தினமும் ஆறு மணிக்குத் திறந்தது, எட்டு மணிக்கு மூடினதுன்னு இருக்குய்யா."

"இருக்கும். பேனாவுக்குத் தண்ணியா வேணும்?"

கூடம் சிரித்தது. சாவிக்காரர் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தார். ஒல்லியான ஆள். "பதினாலு சுத்து சுத்துறேங்க," என்றார். "ஒரு நாள் கூட ஒண்ணு குறைச்சதில்ல."

"நீ வால்வைச் சுத்துறியோ இல்லையோ, எங்களை நல்லாச் சுத்தல்ல விடுற," என்றார் மனுக்காரர்.

அப்போது கடைசி வீட்டுத் தையல்காரர் எழுந்தார். தெருவின் தாழ்ந்த கோடி அவருடையது. "எங்க வீட்ல மட்டும் ஒரு சொம்பு, ஒன்றரை சொம்பு வருதும்மா. எட்டு மணிக்கு மேல. அப்புறம் நின்னுபோகுது."

மனுக்காரர் அதைத் தட்டிப் பறித்தார். "கேட்டுக்கங்க. மொத்தத்தையும் மேல்தெருவுக்கு விட்டுட்டு, கழுவி ஊத்துற மிச்சத்தை நமக்கு விடுறான்."

இன்ஜினியரம்மா மட்டும் எழுதுவதை நிறுத்தினார். "எட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதாம்மா. ரேடியோவுல செய்தி முடிஞ்சப்புறம்."

அந்த அம்மா நோட்டை மூடிவிட்டு மனுக்காரரைப் பார்த்தார். "ஐயா, உங்க மனுவுக்கு நம்பர் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இது மேல போகணும். இவர் தினக்கூலி ஆளு. கைநீட்டினார்னு நாப்பத்து மூணு பேர் எழுதினா விசாரணையெல்லாம் இருக்காது. மறுநாளே வேற ஆள் வந்துடுவார். அதுக்கு முன்னால நாளைக்குக் காலைல ரெண்டு மணி நேரம் எனக்குக் குடுங்க."

"குடுத்தா?"

"நீங்களும் வந்து நில்லுங்க."

4

இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதினேன். ஒரு பிரதியில் மனுக்காரர் கண்டுபிடிக்கிறார். அதைக் கிழித்துப் போட்டேன். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் நினைப்பில் நின்றார், அவ்வளவுதான்.

வியாழன், ஆறு மணி. சாவிக்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சாவியை இறக்கினார். இடப்பக்கம் பதினான்கு. மனுக்காரரும் கூடவே எண்ணினார். சரியாகப் பதினான்கு. குழாய்களில் காற்று.

"பாத்தீங்களா?" என்றார் மனுக்காரர்.

"பாக்கலாங்கய்யா. எட்டு மணி ஆகட்டும்."

எட்டு மணி வரைக்கும் அந்த அம்மா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஒருவர் தெருவில் தரையில் உட்கார்ந்து மனுக்காரர் பார்த்ததில்லை. மருமகள் கொண்டுவந்த தேநீரை வாங்கிப் பாதியைச் சாவிக்காரருக்கு ஊற்றிக்கொடுத்தார். எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கைபேசியில் தொட்டிக்காரரைக் கூப்பிட்டார். "இன்னிக்கு எட்டேகால் வரைக்கும் மூடாதீங்க." பிறகு சாவிக்காரரிடம், "நீங்க வழக்கம்போல மூடிடுங்க," என்றார்.

வலப்பக்கம் பதினான்கு.

எதிர்வீட்டு வாசல் குழாய் முதலில் இருமியது. அப்புறம் துரு கலந்து துப்பியது. அப்புறம் கொட்டியது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தெரு முழுக்க வாளிகள் உருளும் சத்தம். மாடியிலிருந்து மருமகள், "மாமா, இங்க வருது," என்றாள்.

எல்லாரும் குழாயைப் பார்த்தார்கள். மனுக்காரர் மட்டும் சாவிக்காரரைப் பார்த்தார். (இதை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை, மறக்க முடியாததால் எழுதுகிறேன்.) அந்த மனிதர் பிடியை விடாமல் வெளுத்துப்போய் நின்றார். தண்ணீர் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

"நான் மூடிட்டேம்மா. நெசமா மூடிட்டேன்."

இன்ஜினியரம்மா குழிமூடியைப் புரட்டச் சொல்லி, மண்டியிட்டு, முழங்கை வரை கையை விட்டு வால்வின் தலையில் இருந்த சேற்றை வழித்தார். இரும்பில் ஓர் அம்புக்குறி இருந்தது.

"பன்னெண்டு நாளைக்கு முன்னால பழைய வால்வை எடுத்துட்டுப் புதுசு போட்டாங்கல்ல? இது வலப்பக்கம் சுத்தினா திறக்கிற வால்வு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"குழியை மூடிட்டுப் போயிட்டாங்கம்மா. நான் கைப்பழக்கத்துல சுத்தினேன்."

ஆக, ஆறு மணிக்குத் திறப்பதாக நினைத்து மூடியிருக்கிறார். எட்டு மணிக்கு மூடுவதாக நினைத்துத் திறந்திருக்கிறார். அந்த நேரத்தில் தொட்டியை மூடிவிடுவார்கள். குழாயில் தங்கிய மிச்சம் தாழ்ந்த கோடிக்கு வழிந்து தையல்காரரின் சொம்பில் விழுந்திருக்கிறது. தினமும் பதினான்கு, ஒன்றுகூடக் குறையவில்லை.

"உங்க தப்பு இல்ல," என்றார் அந்த அம்மா. "எங்க ஆபீஸ் தப்பு. நான் எழுதிக்கறேன்."

மனுக்காரருக்கு வயது எழுபத்து நான்கு. எத்தனையோ அலுவலகங்களின் படி ஏறியவர். இந்த வாக்கியத்தை அவர் எங்குமே கேட்டதில்லை. "என்ன சொன்னீங்க?" என்றார். அந்த அம்மா இன்னொரு தடவை சொன்னார். காது சரியில்லை என்று நினைத்திருப்பார்.

5

மனுக்காரர் மனுவைத் திருப்பிக் கேட்டார்.

"நம்பர் போட்டதைத் தர முடியாதுங்கய்யா. வால்வு எந்தப் பக்கம் திரும்புதுன்னு நான் எழுதி வைக்கலாம். அவர் கைநீட்டலைன்னு நான் எழுத முடியாது. எழுதினவங்கதான் எழுதணும். அதே நாப்பத்து மூணு பேர்."

வெள்ளி நான்கு மணிக்குள். மனுக்காரர் அன்றே புது மனு எழுதினார். முதலில், 'தண்ணீர் வந்துவிட்டபடியால் முந்தைய மனுவைக் கைவிடுகிறோம்' என்று எழுதினார். மருமகள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல அவர் திருடலைன்னு எங்க மாமா இருக்கு?"

இல்லைதான். எழுதி, அடித்து, எழுதி, 'நான் விசாரிக்காமல் பொய்யாக எழுதினேன்' என்பதற்கு வந்து சேர ஒரு மத்தியானம் ஆயிற்று.

பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் வீட்டிலேயே சிரித்தார்கள்.

"என்ன கூத்து இது? இப்பதான் சாவிக்காரர் வந்து, பதினோரு நாளா உங்களைத் தவிக்க விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு கேட்டுட்டுப் போறாரு. பின்னாலயே நீங்க வந்து, அவர் மேல தப்பே இல்லைன்னு கையெழுத்து கேக்கறீங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி வெச்சுக்கிட்டு வாங்களேன்."

இரண்டு கிழவர்கள் ஒரே தெருவில், ஒரு வீடு முன்னும் பின்னுமாக. ஒருவர் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போகிறார். இன்னொருவர் செய்த குற்றத்தைத் தாளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். மனுக்காரர் வேகமாக நடக்கவில்லை.

கடைசி வீட்டில்தான் சந்தித்தார்கள். தையல்காரர் உள்ளே கண்ணாடி தேடப் போயிருந்தார். சாவிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அக்காவுக்கு முட்டி எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"பதினோரு நாள் மாடிக்குச் சுமந்தீங்களாமே. எனக்குத் தெரிஞ்சிருந்தா போற வழியில சைக்கிள்ல ரெண்டு குடம் கொண்டாந்து வெச்சிருப்பேன்."

மனுக்காரர் தாளை நீட்டினார். சாவிக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, "ஒண்ணு சேத்துக்க முடியுமாண்ணே?" என்று கேட்டார்.

"என்ன?"

"தினமும் பதினாலு சுத்தினார்னு. அது எங்கயும் எழுத்துல இல்ல."

சேர்த்தார். தையல் மேசையிலேயே வைத்து, கொட்டை எழுத்தில். நாற்பத்து மூன்று கையெழுத்தோடு அது வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பதுக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தது.

6

இப்போது முடிவு.

மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. இரண்டு மனுவும் ஒரே கோப்பில் இருக்கின்றன. எது மேலே, எது கீழே என்று தெரியாது. மேலிடத்து மேசையில் பொறுமையாகக் கடைசித் தாள் வரைக்கும் புரட்டுவார்கள் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. 'மறு உத்தரவு வரும்வரை' சாவிக்காரர் வருகிறார். இப்போது வலப்பக்கம் சுற்றித் திறக்கிறார். இன்ஜினியரம்மா வாரம் ஒருமுறை மேலிடத்துக்குப் போன் போட்டு நினைவுபடுத்துகிறாராம். எழுதுகிற ஆட்களைப் பற்றிய என் முடிவை அவர் ஒருவருக்காக மாற்றிக்கொண்டேன்.

மருமகள் இரண்டு முடிவு சொன்னாள். ஒன்று: உத்தரவு வருகிறது, சாவிக்காரர் நிரந்தரமாகிறார், மனுக்காரர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். (நாங்கள் கட்டிக்கொள்கிற ஜாதி இல்லை.) இரண்டு: முதல் மனுவை மட்டும் படித்துவிட்டு அவரை நிறுத்திவிடுகிறார்கள், தெரு அழுகிறது. எதை எழுதினாலும் ஓர் உத்தரவு வேண்டும். உத்தரவென்றால் கையெழுத்து வேண்டும். அதிகாரியின் கையெழுத்தை நான் கதையில்கூடப் போடமாட்டேன்.

நன்றியாவது சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் கையை விட்ட அம்மாவுக்கு. ஒரு சொம்பு என்று உள்ளதை உள்ளபடி சொன்ன தையல்காரருக்கு. வரியின் மேல் விரல் வைத்த மருமகளுக்கு. என் பெண்டாட்டியின் முட்டியை விசாரித்த அந்த மனுஷனுக்கு. அவ்வளவுதான். எனக்கு இதற்குமேல் வராது.

முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சாவிக்காரர் இருக்கட்டும் என்றாலும் சரி, போகட்டும் என்றாலும் சரி. ஒரு நிபந்தனை மட்டும்: வீட்டில் உட்கார்ந்து எழுதி அனுப்பாதீர்கள். காலை ஆறு மணிக்கு அந்தக் குழியின் பக்கத்தில் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

நான் அங்கேதான் இருப்பேன். தண்ணீர் பிடிக்கவேண்டும்.