பன்றிக்கறி யார் வீட்டுப் பழக்கம்

பிள்ளை உண்டாகி ஐந்தாம் மாதம் முடியப்போகிறது. எடை ஏறவேண்டிய நேரத்தில் எனக்கு மூன்று கிலோ இறங்கியிருந்தது. எதைத் தின்றாலும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். மீன் வாசனை பட்டாலே குடலைப் பிடுங்கும். நான் வாழ்க்கைப்பட்டிருப்பதோ காசிமேட்டில், மீன் விற்கிற வீட்டில். "எது வயித்துல நிக்குதோ அதச் சாப்பிடும்மா. அடுத்த வாரமும் இப்படியே வந்தா பெட்ல சேத்துடுவேன்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

எது நிற்கும் என்று எனக்குத் தெரியும். பன்றிக்கறியும் காயும் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, தண்ணீராகத் தெளிந்திருக்குமே, அந்தச் சீனா சூப். என் புருஷன் விமல் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தான். அங்கே சமையல்காரர் ஒரு சீனாக்காரர். அவரிடம் கற்றுக்கொண்டு வந்து, ராயபுரத்தில் அவன் தோஸ்து ஜெரி வீட்டு அடுப்பில் எனக்கு முதன்முதலாக வைத்துக் கொடுத்தான். நான் அதுவரை பன்றிக்கறியைக் கண்ணால்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. என் அப்பா பீம்ராவ் தினமும் புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பஞ்சசீலம் சொல்கிறவர். புளியந்தோப்பில் எங்கள் வீட்டில் முட்டைக்கு மேல் எதுவும் அடுப்பேறியது கிடையாது. அந்தச் சூப்பைக் குடித்த அன்றுதான் இவனையே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதும் விமல் தலையைச் சொறிந்தான்.

"அம்மாவுக்கு ஆவாதே மித்ரா. கடலுக்குப் போற வூட்ல பன்னி ஏறக்கூடாதுன்னு சொல்லும். வோணும்னா ஜெரி வூட்டுக்குப் போயி குடிச்சிட்டு வந்துடேன்."

இவன் அப்படித்தான் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் ஜெரி வீட்டில் மூக்கு முட்டச் சூப் குடித்துவிட்டு, தெருமுனையில் பாக்கு வாங்கி மென்றுகொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வீட்டுக்குள் வருவான்.

"தெனம் மூணு வேள நான் ஜெரி வூட்டு வாசல்ல போய் நிக்கணுமா? வயித்துல கீறது உன் புள்ளையா, ஜெரி புள்ளையா?" என்று கேட்டேன்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவன் அம்மாவிடம் போய், 'இது நான் வைக்கிற சூப், மித்ராவுக்கு நான்தான் பழக்கினேன், இனி நம் வீட்டிலேயே வைப்போம்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்கிறேன், சொல்கிறேன் என்று நான்கு நாளை ஓட்டினான். மீன்பிடித் தடைக்காலம், அவன் போகிற லாஞ்சு கரையில் கட்டிக் கிடக்கிறது, ஐயாவுக்கு வெட்டி முறிக்கிற வேலை எதுவும் இல்லை. வாயைத் திறக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் நானே ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். கொழுப்போடு அரைக் கிலோ கறி, முள்ளங்கி, கேரட், கோஸ், வெங்காயத்தாள், ஒரு புது அலுமினியக் குண்டான். கறியைக் கறுப்புக் கவரில் போடப் போன கடைக்காரரிடம், "வெள்ளக் கவர்லயே போடுண்ணா, நான் இன்னா திருடிக்கினா போறேன்" என்றேன். அந்த வெயிலில் எனக்கு யார்மேல் என்று இல்லாமல் எல்லார்மேலும் கோபம்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாமியாரிடம் போனேன். கன்னியம்மா அத்தை சாயங்காலச் சந்தைக்குக் கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்த, பன்னிக்கறி வாங்கியாந்துகீறேன். எனக்கு வேற எதுவும் வயித்துல நிக்கல. புதுக் குண்டான், உங்க சாமான் எதையும் தொடமாட்டேன்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது கடலுக்குப் போற வூடு" என்றார். "மாசமாக் கீற. அதனால கம்முனு கீறேன்."

கூடத்தில் விமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. வாயில் கொழுக்கட்டை.

அடுப்பைப் பற்றவைத்தேன். ஆத்திரத்தில் கறியை நறுக்கினேனா, வெட்டிச் சாய்த்தேனா, தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு மேலே வந்தது. நான் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றேன். மனசோ கூடத்தில் இருக்கிறது. அப்படியே காயை அள்ளிப் போடப் போனேன்.

"ஏய், காயப் போடாத" என்றது கூடத்திலிருந்து விமலின் குரல். "மொதத் தண்ணியக் கீழ கொட்டு. கறியக் கழுவிட்டு வேற தண்ணி வெச்சு இஞ்சியத் தட்டிப் போடு. கோஸு எறக்கும்போதுதான், இல்லாட்டி கொழஞ்சிடும்."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே உறைத்தது. செல்போனைக் கீழே வைத்தான்.

அத்தை துடைப்பதை நிறுத்தினார். "உனக்கு எப்பிட்ரா தெரியும்?"

நான் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றேன். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான்கு நாள் வராத வார்த்தை தானாகவே வாசல்வரைக்கும் வந்துவிட்டது. சொல்லேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கெஞ்சினேன்.

"இவதாம்மா சொன்னா" என்றான். "அவுங்க வூட்ல இப்டித்தான் வெப்பாங்களாம். அவுங்க வூட்டுப் பழக்கம்."

"அதானே பாத்தேன்" என்றார் அத்தை. "எங்கேந்து வந்துதோ அந்தப் புத்திதானே வரும்."

"அத்த, எங்கப்பா முட்டைக்கு மேல எதையும் தொடாதவரு" என்றேன். "எனக்கு இந்தச் சூப்ப மொதமொத ஊத்திக் குடுத்ததே உங்க புள்ளதான். கப்பல்ல கத்துக்கினு வந்தது. கேளுங்க அவர."

அத்தை அவனைப் பார்த்தார். "அப்பிடியாடா?"

"இல்லம்மா."

அத்தை கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

நான் கத்தவில்லை. முதல் தண்ணீரைக் கொட்டினேன். கறியைக் கழுவினேன். இஞ்சியைத் தட்டியதில் அம்மிக்கல் அதிர்ந்தது. ஒன்றே கால் மணி நேரம் சிறுதீயில் வைத்து, காயைப் போட்டு, கடைசியில் கோஸும் மிளகும் உப்பும் போட்டு இறக்கினேன். ஒரு கிண்ணம் குடித்தேன். உட்கார்ந்து காத்திருந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. வாந்தி வரவில்லை. இன்னொரு கிண்ணம் ஊற்றினேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே குடித்தேன்.

அப்போதுதான் விமல் அடுக்களைக்குள் வந்தான். கையில் டம்ளர்.

"வாசன தூக்குது. கொஞ்சம் ஊத்து மித்ரா."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் உறைக்கவில்லை.

"அது எங்க வூட்டுப் பழக்கமாச்சே. உனக்கு எதுக்கு?" என்றேன்.

"பேஜாரு பண்ணாத. அம்மா எதிர்ல வேற இன்னா சொல்றது? ஒரு வாய்தானே கேக்கறேன்."

"ஊத்தறேன். உங்கம்மா ஏழு மணிக்கு வருவாங்க. கூடத்துல அவங்க பக்கத்துல உக்காந்து குடி. குண்டானோட தர்றேன்."

அவன் டம்ளரை நீட்டியபடியே திரும்பி, அம்மா வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்த்தான்.

நான் குண்டானைத் தட்டுப் போட்டு மூடினேன்.