ஒன்றா, இரண்டா

ரோஜாக்களைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரிக்கும் மேசையில் கெருபோவின் கைகள் ஓயவில்லை. வாயும்தான்.

"ஏம்மா, நைரோபியிலேருந்து வந்தது நாங்க போனைப் பாக்குறதைப் பாக்கவா? இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?"

"தர்றாங்கக்கா" என்றாள் நஃபுலா. கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ எனக்கும் ஒரு வாளியைப் போடு. நானும் உக்காந்து பாக்குறேன்."

மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நைவாஷா ஏரிக்கரையின் அந்தப் பூப்பண்ணையில் தினக்கூலிப் பெண்கள் நானூறு பேர். வீடு திரும்பியதும், ஏழு மணிக்கு, மறுநாள் வேலைக்கு வருவார்களா என்று ஒவ்வொருவர் போனிலும் ஒரு கேள்வி வந்து நிற்கும். எண்ணை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை 'வரமாட்டேன்' என்று பதிந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். கெருபோவுக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது.

"ராத்திரி வர்ற மாதிரியே காட்டுறேன். வாய்விட்டுப் படிங்கக்கா" என்று நஃபுலா தன் போனை நீட்டினாள்.

கெருபோ கையுறையைக் கழற்றி, ஏப்ரனில் விரலைத் துடைத்துக்கொண்டாள். 'நாளைய பணிமுறைக்கான தங்கள் வருகைப் பதிவை இரத்துசெய்ய 1. நடப்பு நிலையைத் தொடர 2.'

"நாளைய பணி... வருகைப் பதிவு... ஆமா, வருகையைப் பதியணும். ஒண்ணு." அழுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இப்படித்தான் அழுத்தினேன். காலையில சாப்பாட்டுத் தூக்கோட வந்து நின்னா, 'நீதானே வரமாட்டேன்னு சொன்னே'ங்கறான் வாட்ச்மேன். போன் பொய் சொல்லுதுடான்னேன். 'போனுக்கு உன்மேல என்ன விரோதம்'ங்கறான். எந்தப் படிச்ச மகராசன் எழுதினதோ!"

எழுதியது நஃபுலாதான். இப்படிப் போன் வாசகங்கள் எழுதித் தரும் நைரோபி அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், பூப்பண்ணையைக் கண்ணால் பார்க்காமலேயே, ஆங்கில மூலத்தை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தில் எழுதிக் கொடுத்தது. நன்றாக இருக்கிறது என்று அலுவலகத்தில் பாராட்டவும் செய்தார்கள். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான்தான்க்கா" என்றாள்.

கெருபோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி விடு. இப்போ மனுஷி பேசுற மாதிரி எழுது."

வாளியில் உட்கார்ந்தபடியே எழுதினாள். 'நாளைக்கு வேலைக்கு வருவீங்களா? 1 வருவேன். 2 வரமாட்டேன்.' பத்துப் பெண்களிடம் காட்டினாள். பத்துப் பேரும் படித்த வேகத்தில் பதில் சொன்னார்கள். மறுநாளே அது நானூறு போன்களுக்கும் போனது. அடுத்த இரண்டு வாரம் வாசலில் ஒருத்திகூடத் திருப்பி அனுப்பப்படவில்லை. எழுதிப் பிழைப்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று நஃபுலா நினைத்ததே இல்லை.

மூன்றாம் வாரம், பண்ணை மேலாளர் கரியுக்கி கூப்பிட்டனுப்பினார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

"உங்க எழுத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா இன்னிக்கு ராத்திரியிலேருந்து பழசையே போடச் சொல்லிட்டேன்."

"ஏன் சார்?"

"காதலர் தினத்துக்கான பிப்ரவரி ஆர்டர் முடிஞ்சுபோச்சு. இனிமே இருநூறு பேர் போதும். பழசு இருந்தப்போ மாசம் எழுபது பேர் தானா கழிஞ்சுபோவாங்க. அவங்களே வரமாட்டேன்னு சொன்னதாப் பதிவும் இருக்கும். நானா பேரை அடிச்சா சங்கக்காரன் வந்து நிப்பான்."

"அது ஏமாத்துறது இல்லையா சார்?"

"நான் எங்கம்மா ஏமாத்தினேன்?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அதை எழுதினது நீங்கதானே."

டீயை அப்படியே வைத்துவிட்டு நஃபுலா வெளியே ஓடினாள். மணி ஐந்து. பெண்களை ஏற்றிக்கொண்டு கடைசி லாரி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்பலகையைப் பிடித்தபடி கெருபோ நின்றிருந்தாள்.

"அக்கா! இன்னிக்கு ரெண்டை அழுத்துங்க! ரெண்டு!"

இன்ஜின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு லாரியின் புழுதிக்குள் ஓடினாள்.

"நைரோபிக்காரிக்கு மறந்துபோச்சுடீ!" என்று கெருபோ சிரித்தாள். "ரெண்டு இல்ல தங்கச்சி, ஒண்ணு! இனிமே கண்ணை மூடிக்கிட்டே அழுத்துவோம்!"

அவள் ஒற்றை விரலை உயர்த்தினாள். அவளைப் பார்த்து, லாரியில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்துக்கொண்டே ஒற்றை விரலை உயர்த்தினார்கள்.