அறிவு ஐந்து, விவேகம் பதினாறு

மூன்று பகடைகளும் உருண்டு ஓய்ந்தபோது, இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரின் அறிவு ஐந்து என்று முடிவாகிவிட்டது.

"இன்னொரு தடவ உருட்டக் கூடாதா?" என்று கேட்டார்.

"கூடாது," என்றாள் மனைவி. "விழுந்தது விழுந்ததுதான்."

விளையாட்டு அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. மாடியறையில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே மேசை போட்டு நான்கு பேர் உட்காருவார்கள். அவள் கதை சொல்வாள். மற்ற மூவரும் அதற்குள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடமாட வேண்டும். அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்பதைப் பகடை தீர்மானிக்கும். உடம்புக்கு மூன்று எண், மனசுக்கு மூன்று எண். மனசுக்கானவை அறிவு, விவேகம், வசீகரம். மூன்றிலிருந்து பதினெட்டு வரை எதுவும் விழலாம். பிறகு கதையில் ஒரு காரியம் பலிக்குமா என்று பார்க்க, இருபது முகப் பகடை ஒன்றை உருட்டுவார்கள். தன் எண்ணைத் தாண்டாமல் விழுந்தால் பலித்தது.

அவளுடைய தம்பிக்கு அறிவு பதினேழு. அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன்.

"பத்தாவதுல கணக்குல ரெண்டு தடவ ஃபெயிலானவன் நான்," என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "மாமா, இனிமே சந்தேகம்னா எங்கிட்ட கேளுங்க."

தன் மந்திரவாதிக்குப் பண்டிதர் என்று பெயர் வைத்தான். வாத்தியார் தன் போர்வீரனுக்கு மண்டு என்று வைத்தார். மூன்றாமவர் கீழ்க்கடைப் பூட்டுக்காரர். சாவியைக் கையில் கொடுக்கும்போதுகூட விலையை விரலால் காட்டுகிற மனுஷன். அவருக்குத்தான் வசீகரம் பதினெட்டு விழுந்தது. வாய் ஜாலத்தால் கோட்டைகளைத் திறக்க வேண்டிய பாடகன் அவர். கதையில் யாரையாவது மயக்க வேண்டி வந்தால், "பேசறேன்," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார். முடிந்தது பேச்சு.

மண்டுவை வாத்தியார் நன்றாகவே நடித்தார். தலைக்கவசத்தைக் கவிழ்த்து அதில் தண்ணீர் குடித்தான் மண்டு. எதிரிகளை "ஒண்ணு, ரெண்டு, நெறைய" என்று எண்ணினான். முதல் வாரம் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இரண்டாம் வாரம் அது போதவில்லை. புதிதாக ஏதாவது செய்தாக வேண்டும். மண்டு ஒரு மாட்டுவண்டி ஓட்டும் கட்டம் வந்ததும் வாத்தியார் எழுந்து நின்றார். தோளில் துண்டைப் போட்டுக் கழுத்தைத் துடைத்தார். "அதாவது என்னன்னா, அதாவது என்னன்னா," என்று இழுத்தார். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு!" என்று கத்தினார்.

பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். தம்பி சிரித்தான், ஆனால் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தான். கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறு எனக்கு டியூட்டி இருந்தாலும் இருக்கும்க்கா," என்றான்.

அவன் போனபிறகு வாத்தியார் கேட்டார்: "அவனுக்கு என்னாச்சு?"

"முட்டாள் எப்படிப் பேசுவான்னு யோசிச்சீங்க. என் தம்பி வந்து நின்னான்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துண்டு, இழுவை, கத்தல் எல்லாம் அவனுடையவைதான். "வேணும்னு பண்ணல. அறிவு அஞ்சுன்னு போட்டிருக்கியே, அதுக்குத்தான்..."

"அஞ்சு சரி. அதுக்கு அடுத்த வரியில விவேகம் பதினாறுன்னு எழுதியிருக்கு. அத என்னிக்காவது படிச்சீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"வெப்பமும் வெப்பநிலையும் ஒண்ணுதானே சார்னு ஒரு பையன் கேட்டா விடுவீங்களா?"

அந்தக் கேள்விக்காக வாத்தியார் எத்தனை பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார்!

மறுநாள் பள்ளி விட்டதும் மன்னிப்புக் கேட்கலாம் என்று மைத்துனனின் பேருந்தில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். "மாப்ளே..." என்று ஆரம்பித்தார்.

அவன் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினான். ஓட்டுநரிடம் பேசாதீர்கள். "கடைசி ஸ்டாப்புல பேசலாம் மாமா."

நாற்பது நிமிடம். கையில் புத்தகமும் இல்லை. வேறு வழியில்லாமல் அவன் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். காலியாகக் கிடந்த ஒரு சாலையில் அவன் திடீரென்று வேகத்தைக் குறைத்தான். எதற்கு என்று இவர் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு சந்திலிருந்து ஸ்கூட்டர் ஒன்று விருட்டென்று குறுக்கே பாய்ந்து போனது. பின்பக்கம் இரண்டு பேர் சட்டைக் காலரைப் பிடிக்கிற அளவுக்கு வந்தபோது, அவன் திரும்பாமலே, "அண்ணே, ஜன்னலோரம் எடம் காலியாச்சு, சீக்கிரம்!" என்றான். ஒருவர் இடத்துக்கு ஓடினார். சண்டை தீர்ந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் வாத்தியார் முதலில் கேட்டது மன்னிப்பு அல்ல.

"ஸ்கூட்டர் வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கெங்க தெரியும்? சந்து முனையில இருந்த புறா எல்லாம் ஒரேயடியா எழும்பிச்சு. சும்மா எழும்புமா? கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு."

வாத்தியார் சொன்னார்: "நேத்து நான் பண்ணினது தப்பு மாப்ளே. உன்ன மாதிரி பேசினது."

"அப்ப அது நான்தானா! இல்ல இல்ல, வேற யாரோன்னு ராத்திரி பூரா என்னையே சமாதானப்படுத்திக்கிட்டிருந்தேன்." சிரித்தான். இந்தத் தடவை தாமதம் இல்லை. பிறகு ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தபடி மெதுவாகச் சொன்னான்: "உங்களுக்கு அஞ்சு கஷ்டம்னா எனக்குப் பதினேழு கஷ்டம் மாமா. அக்கா புதிர் போட்டா எனக்கு வேர்த்துக் கொட்டுது. பண்டிதர்னு பேர வச்சுக்கிட்டுப் பேந்தப் பேந்த முழிக்கிறேன்."

"நான் காதுல சொல்றேன்."

"ஐயையோ, அது காப்பி அடிக்கறது! வாத்தியாரா நீங்க?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இந்த வழக்கு மனைவியிடம் போனது. அவள் உடனே தீர்ப்புச் சொன்னாள். "அவன் நிஜமா மந்திரமா போடறான்? பண்டிதர் போடறார். அதே மாதிரி பண்டிதர் படிச்சதெல்லாம் இவன் படிச்சிருக்க வேண்டாம். பகடை விழுந்தா, புத்தகத்துல இருக்கறத நான் சொல்லிடறேன். அத வச்சு என்ன பண்றதுங்கறது அவன் பாடு."

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். டியூட்டி எதுவும் இல்லையாம்.

கதையில் மூவரும் ஒரு சுரங்கத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். எதிரே மூன்று கதவுகள். மேலே யாருக்கும் புரியாத பழைய எழுத்து. தம்பி உருட்டினான், ஒன்பது. பதினேழைத் தாண்டவில்லை. அக்கா படித்துச் சொன்னாள். முதல் கதவில்: வழி இங்கே. நடுக்கதவில்: வழி இங்கே இல்லை. மூன்றாம் கதவில்: வழி முதல் கதவில் இல்லை. அடியில் ஒரு குறிப்பு: இம்மூன்றில் ஒன்றே மெய்.

வாத்தியாருக்கு விடை பத்து விநாடியில் தெரிந்துவிட்டது. காது சிவந்தது. உதட்டைக் கடித்தார். நாற்காலியில் நெளிந்தார். மைத்துனன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மனைவி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வாத்தியார் பெருமூச்சு விட்டார். "மண்டுவுக்குப் படிக்கத் தெரியாது," என்றார். "எழுத்த அவன் பாக்கவே மாட்டான். குனிஞ்சு தரையப் பாக்கறான். தூசி எப்படி இருக்கு?"

மனைவி புருவத்தை உயர்த்தினாள். "விவேகத்துக்கு உருட்டுங்க."

பதினொன்று.

"ரெண்டு ஓரக் கதவு முன்னாடியும் தூசி கனமா படிஞ்சு கிடக்கு," என்றாள் வேண்டாவெறுப்பாக. "நடுக்கதவு முன்னாடி... தேஞ்சு வழவழன்னு இருக்கு. சோத்துப் பருக்கை கூட கிடக்கு."

"யாரோ தெனம் இந்தப் பக்கம் போறாங்க," என்றான் மண்டு. இந்த முறை அவன் இழுக்கவில்லை, கத்தவில்லை. மெதுவாகச் சொன்னான். "கையில சாப்பாட்டோட."

"ரெண்டு வாரம் உக்காந்து யோசிச்ச புதிர்!" மனைவி நோட்டால் மேசையைத் தட்டினாள். "ரெண்டு வாரம்!" ஆனால் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பி எழுந்து மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

நடுக்கதவைத் திறந்தார்கள். உள்ளே ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு காவலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இனி வசீகரத்தின் வேலை. எல்லோரும் பூட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

"பேசறேன்," என்று உருட்டினார்.

இருபது. பதினெட்டு இருந்தும் தோல்வி. இத்தனை வாரத்தில் முதல் தோல்வி.

"அண்ணே, இன்னிக்காவது சொல்லுங்க," என்றாள் கதை சொல்கிறவள். "அப்படி என்னதான் பேசினீங்க?"

பூட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு, "எனக்கு இல்லையான்னு கேட்டேன்," என்றார்.

தம்பி மேசைமேலேயே கவிழ்ந்துவிட்டான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காவலாளி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஈட்டியைத் தூக்கினான். பண்டிதரும் மண்டுவும் பாடகனும் தலைதெறிக்க ஓடினார்கள். அன்றைய கதை அதோடு நின்றது.

படியிறங்கும்போது வாத்தியார், "அந்தப் புதிர் இருக்கே மாப்ளே..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க!" அவன் காதைப் பொத்திக்கொண்டான். "எனக்கு டைம் வேணும்."

புதன்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் என்ஜின் உறுமல்.

"மாமா, நடுக்கதவு!"

"அது ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சதுதானே?"

"நடுதான்னு அன்னிக்கே தெரியும். ஏன் நடுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மொதக் கதவும் மூணாங் கதவும் ஒண்ணுக்கொண்ணு எதிர். 'இங்கதான்'னு ஒண்ணு சொல்லுது, 'அங்க இல்ல'ன்னு இன்னொண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு மெய்யாத்தான் இருக்கணும். இருக்கற ஒரே மெய் அங்கேயே செலவாயிடுச்சு. அப்ப நடுக்கதவு சொல்றது பொய். இங்க இல்லன்னு பொய் சொல்லுதுன்னா, வழி அங்கதான்!"

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். அவர் ஒவ்வொரு கதவாக எடுத்து, வழி இங்கே என்றால் என்ன ஆகும் என்று மூன்று தடவை சரிபார்த்துத்தான் விடையைப் பிடித்திருந்தார். இது ஒரே தாவலில் முடிந்துவிட்டது.

"மாப்ளே, உன் வழி என் வழியவிடச் சின்னது."

"நெசமாவா?"

"நெசமா."

மறுமுனையில் ஹாரன் ஒருமுறை தேவையே இல்லாமல் நீளமாக ஒலித்தது. "வண்டி எடுக்கணும் மாமா, வைக்கிறேன்!"

பக்கத்து நாற்காலிக் கணக்கு ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "யார் சார் போன்ல? ஒரே சிரிப்பா இருக்கு?"

வாத்தியார் ஒரு காகிதத்தை எடுத்து வரிசையாக மூன்று கதவுகள் வரைந்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாக்கியம் எழுதி, கணக்கு ஆசிரியர் பக்கம் நகர்த்தினார்.

"மூணுல ஒண்ணுதான் மெய்," என்றார். "மணியடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."