மலைநிழல் விழும் நேரம்

முதல் தடவை நாகஜோதியின் திட்டம் சொதப்பிவிட்டது. அதை அவளே ஒத்துக்கொண்டாள். மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே ஒத்துக்கொண்டாள்.

பள்ளத்தாக்கில் பறவை பார்க்கப் போகும் குழுவுக்கு, ஐப்பசி மாத ஞாயிறுகளைத் திட்டமிடும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். குளிர்தேசத்திலிருந்து வலசை வந்திருக்கும், மைனா இனத்துச் சூறைக்குருவிகள் கூட்டமாக அடையும் காட்சியைக் காட்டுவதாகச் சொல்லி, கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சம்பைக்குளத்துக்குப் பதினான்கு பேரை வரச்சொன்னாள். நாள்காட்டியில் சூரியன் மறையும் நேரம் பார்த்து, அதற்குக் கால் மணி முன்னதாகவே கரையில் ஆள் சேர்ந்தாயிற்று. ஆனால் வானத்தில் ஒரு குருவி இல்லை. கோரைக்குள்ளிருந்து சந்தைக்கடை இரைச்சல் மட்டும் கேட்டது. அத்தனையும் எப்போதோ வந்து அடைந்துவிட்டிருந்தன.

"குருவிகள்லாம் கதவச் சாத்திருச்சு. வாங்க, நாமளும் வீட்டப் பாத்துப் போவோம்" என்றார் கர்ணன். லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இன்ஜினியர். குழுவில் பெரிய கேமராவும் பெரிய குரலும் அவருடையவை. கிளம்பும்போது அவளிடம் தனியாகவும் சொன்னார். "அடுத்த ஞாயிறும் இப்படின்னா, கார் வச்சிருக்கவுக நாங்க தேக்கடிப் பக்கம் போயிக்கிறோம்மா. கோவிச்சுக்காத."

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. குழுவில் பாதிக்கு மேல் பஸ்ஸில் வந்திறங்கி, அங்கிருந்து கார்களில் தொற்றிக்கொள்கிறவர்கள். கார்கள் தேக்கடிக்குப் போய்விட்டால் குழு அன்றோடு முடிந்தது. பகலில் உரக்கடையில் பில் போட்டு, மாலையில் டேலி கணக்கு வகுப்புக்கு ஓடும் அவளுக்கு, வாரத்தில் தலைநிமிர்ந்து பார்க்கக் கிடைக்கும் ஒரே நாளும் அதோடு போய்விடும்.

எங்கே தப்பு செய்தோம் என்று மறுபடி மறுபடி யோசித்தாள். இடம் தப்பில்லை. ஓடைப்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சாயங்காலம் போன் போட்டு, குருவிக்கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று கேட்டு, வரைபடத்தில் கோடுகள் இழுத்துக் கண்டுபிடித்த குளம் அது. எல்லாக் கோடும் அங்கேதான் வந்து முட்டின.

செவ்வாய்க்கிழமை வகுப்பு இல்லை. சாயங்காலம் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சேலையில் பாதி வெயிலாகவும் பாதி நிழலாகவும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நாள்காட்டிக் கணக்குப்படி அது மறைய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

நாள்காட்டி சமவெளிக்கு எழுதியது. கோம்பைக்கு மலைதான் நாள்காட்டி. பிறந்ததிலிருந்து அந்த நிழலில் நின்றுகொண்டு அது தனக்கு உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

உடனே ஓடைப்பட்டியில் இருக்கும் மதினிக்குப் போன் போட்டாள். அண்ணன் பெண்டாட்டி மாயக்காள், அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் குருவி விரட்டும் வேலைக்குப் போகிறவள்.

"நான் பகலெல்லாம் தகரத்தத் தட்டி, தொண்ட கிழியக் கத்தி வெரட்டுறேன். நீ ஆளு சேத்து அதுகளுக்கு வரவேற்பு வைக்கிற. ஒரே குடும்பத்துல இது அடுக்குமாத்தா?"

"ஞாயித்துக்கெழம அதுக தோட்டத்த விட்டுக் கெளம்புனதும் ஒரு போன் மட்டும் போடு மதினி."

"வெத்தல பாக்கு வச்சு வழியனுப்பவா?"

"அனுப்பு. நான் இங்கன வாங்கிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வெயிலோடு வரச்சொன்னாள். ஒன்பது பேர்தான் வந்தார்கள். கரை சூடு தாங்கவில்லை. "குருவிக்கு முன்னாடி நம்மள அவிச்சுருவா போலருக்கே" என்று நதியா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். அரசு மருத்துவமனையில் செவிலி அவள். இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க நாகஜோதிக்குக் கூச்சமாக இருந்தது.

போன் அடித்தது.

"ஒன் விருந்தாளிக கெளம்பிட்டாக!" மாயக்காள் கத்தினாள். "தின்னது போதும்னு மேற்காம போறாக. வயிறு முட்டத்தான் போறாக!"

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. மலைநிழல் அடிவாரத்தில் இறங்கி, தென்னந்தோப்பைத் தாண்டி, குளத்துத் தண்ணீரில் ஊர்ந்தது. மலைக்கு மேலே கருமேகம் ஒன்று எட்டிப் பார்த்தது. கர்ணன் மேகத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், பையைத் திறந்தார்.

"மழைல நனஞ்சா லென்ஸ் போயிரும்மா."

நாகஜோதி வாயைத் திறந்தாள். மன்னிச்சுக்கங்கண்ணே என்று சொல்லத்தான் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாமல் கிழக்கே திரும்பிக்கொண்டாள். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் இன்னும் முழு வெயில். அந்த வெயிலில் புகைபோல ஏதோ ஒன்று நீண்டு, மடங்கி, மறுபடி நீண்டது.

"கேமராவ உள்ள வைக்காதீக" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

வந்தன. நூறு, ஆயிரம் என்று எண்ணுகிற வரத்து அல்ல அது. கரை நிழலில் கிடந்தது. தலைக்கு மேலே உயரத்தில் இன்னும் வெயில் இருந்தது. அந்த வெயிலுக்குள் திரும்பியபோது கூட்டம் முழுக்க ரோஜா நிறமாக மின்னியது. ஒரே வீச்சில் நிழலுக்குள் சரிந்ததும் கரிக்கட்டையாகக் கறுத்தது. மறுபடி மேலே ஏறியதும் மறுபடி ரோஜா. இறக்கைக் காற்று கோரையைச் சாய்த்தது. தெற்கிலிருந்து இன்னொரு கூட்டம் வந்து இதற்குள் புகுந்தது. இரண்டும் ஒன்றாகி, குடமாகி, படமெடுத்த பாம்பாகி, குளத்தையே ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஏ ஆத்தா!" என்றாள் நதியா. துப்பட்டாவைத் தலையிலிருந்து இழுத்துவிட்டு அண்ணாந்தாள். தூக்கமெல்லாம் எங்கோ போயிருந்தது. பஸ்ஸில் வந்தவர்கள், காரில் வந்தவர்கள் அத்தனை பேர் வாயும் திறந்தே இருந்தது. கர்ணனின் கேமரா கழுத்தில் தொங்கியது. அவர் அதைத் தொடவே இல்லை.

நாகஜோதி மாயக்காளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கையை உயர்த்திப் பிடித்தாள்.

"கேக்குதா மதினி?"

"என்னடி இது, அருவி மாதிரி இரையுது!"

"ஒன் தோட்டத்துக் குருவிக ஆடுறாக!"

"ஆடட்டும்! தின்ன திராட்சைக்கு இந்த ஆட்டமாச்சும் ஆடட்டும்!"

கரையே சிரித்தது. கடைசிக் கூட்டமும் கோரைக்குள் கொட்டி முடித்தபோது பெருந்தூறலாக மழை விழுந்தது. யாரும் ஓடவில்லை. கர்ணன் லென்ஸைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"அடுத்த ஞாயிறு எத்தன மணிக்கும்மா வரணும்?"

நாகஜோதி நாள்காட்டியைத் தேடவில்லை. மலையை ஒருமுறை பார்த்தாள்.

"வெயிலோட வந்துருங்கண்ணே" என்றாள். "கார்ல எடமிருந்தா ஓடைப்பட்டி போயி எங்க மதினியவும் ஏத்திட்டு வாங்க. அவுக பாக்கணும்."

"அவுக வந்துட்டா அங்கன குருவிய யாரு வெரட்டுறது?"

"அதுக கெளம்புன பெறகு வெரட்ட என்ன இருக்கு? பின்னாடியே வாங்க."