பலாச்சுளையும் கோத்தகிரிக் கரடியும்

இந்தக் காலத்து ஜனங்கள் பெற்றவன் பேச்சைக் கேட்பதில்லை, கரடியின் மனசு கோணாமல் நடக்கிறார்கள். என் மகள் வினிதாவைத்தான் சொல்கிறேன். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன மாதம் ஒரு கரடி அவள் சமையலறைக் கதவைப் பிய்த்து உள்ளே போய், எண்ணெய் டப்பாவை நக்கிவிட்டுப் போயிருக்கிறது. லீவுக்குத் தாம்பரம் வந்தவளிடம், அந்த வேலையை விடு, குரோம்பேட்டையில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று தினமும் சொல்லிப் பார்த்தேன்.

"தப்பு என் மேலதாம்பா. எண்ணெய ஜன்னல்கிட்ட வெச்சிருந்தேன். முன்னல்லாம் பட்டாசு வெடிச்சு வெரட்டுவாங்க, அது மெரண்டு ஆள் மேல பாயும். இப்ப தெருவே குப்பைய மூடி வைக்குது. வாசனைப் பண்டம் வீட்டுல வைக்கிறதில்ல. அதுவும் தேயிலைக்குள்ள அது பாட்டுக்குப் போயிடுது."

"கரடியாண்ட எழுதி வாங்கிகினியா?"

சிரித்தாள். ஆனால் நான் வாங்கி வந்த பலாப்பழத்தை எடுத்துப்போக மாட்டேன் என்றுவிட்டாள். சின்ன வயதில் அதைத் தின்று பாவாடையெல்லாம் பிசினாக்கிக்கொண்டவள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் குளிக்கப் போனபோது சுளைகளை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, மேலே பிளாஸ்டிக் பை சுற்றி, அவள் புடவைகளுக்கு அடியில் செருகினேன்.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட ஊட்டி பஸ்ஸுக்குள் நானும் ஏறினேன். பையை மேலே வைத்ததும் கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"யாருப்பா பலாப்பயம் வெச்சினு கீறது? எனக்கு இல்லியா?"

வினிதா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கண்டக்டர் அண்ணாவுக்கே தெரியுது. கரடிக்குத் தெரியாதாப்பா?"

"அவரு இன்னும் துன்னுருக்க மாட்டாரு, பசில மோப்பம் புடிக்கிறாரு."

டப்பாவைத் திறந்து கண்டக்டருக்கும் பின்சீட்டு அம்மாவுக்கும் கொடுத்தாள். என் வாயில் ஒன்றைத் திணித்தாள். மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளே தின்று தீர்த்துவிட்டு, காலி டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"கதவு புதுசா போட்டாச்சு. ஒரு வாரம் வந்து இருப்பா. நீயே பாரு."

"கரடி கீற ஊருல எனக்கு இன்னா வேல? பத்தரமா போ. கதவ தாப்பா போட்டுக்கோ."

நான் இறங்கிக்கொண்டேன். பஸ் திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

டப்பாவோடு ஜிஎஸ்டி ரோட்டில் நடந்தேன். கையில் பலா வாசனை அப்படியே இருந்தது. வண்டலூர் ஜூ வாசல் வந்தது. உள்ளே கரடி இருக்கிறது, எனக்குத் தெரியும். டப்பா மூடியைத் திறந்து பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

கரடிக்குப் பெரிய மூக்காம். மூடியைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.