காப்பிக் கோப்பையோடு ஏறியவன்

...தோலை இவ்வளவு தடிமனாகச் சீவாதே என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், ஆனால் இது அம்மாவை அடித்தவன் வீட்டுப் பேரிக்காய், பாதிப் பழம் குப்பைக்கே போகட்டும் என்று சீவிக்கொண்டிருந்தாள் ஹே-வொன். கூடத்தில் அவனைப் பெற்றவள் இன்னும் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள், பழப்பெட்டியோடு வந்து காலில் விழுந்தவளை அம்மா விரட்டவில்லை, அவள் கொண்டுவந்ததையே அவளுக்குச் சீவி எடுத்துவரச் சொன்னாள்... அம்மாவுக்கு ரோஷமே இல்லையா? அம்மாவின் கன்னத்து எலும்பில் விரிசல், கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. அம்மா ஓட்டுவது சியோல் நகர பஸ், அதில் காப்பிக் கோப்பையோடு ஏறக்கூடாது, அது அம்மா போட்ட சட்டமா என்ன, ஏற்றினால் மற்றவர்கள் புகார் கொடுப்பார்கள், தடுத்ததற்கு அவன் முகத்தில் குத்தினான். சொன்னது காதில் விழவில்லை என்று அவன் ஓட்டுநர் இருக்கையின் தடுப்பைத் தட்டினான், பதில் சொல்லத்தான் அம்மா அதைத் திறந்தாள். அந்தத் தடுப்பை யார் திறக்கச் சொன்னது, உங்கள் கவனக்குறைவு, வேலைக் காயம் என்று நஷ்டஈடு கேட்டால் கம்பெனி கையெழுத்துப் போடாது என்று மேலாளர் குவாக் போனில் எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்... அப்படியானால் மிச்சமிருப்பது அவன் அம்மா நீட்டுகிற சமரசத் தாள்தான், கையெழுத்துக்குப் பதிலாக அம்மா தன் பெயர் முத்திரையைக் குத்தினால் முப்பது லட்சம் வோன், அவனுக்குத் தண்டனை குறையும். குத்தாதே அம்மா... இல்லை, குத்திவிடு, உள்ளே போய்விட்டு வந்தால் அவன் சும்மா விடுவானா, எந்த வழித்தடம், எந்த நேரம், எல்லாம் தெரிந்தவன்.

தட்டை வைக்கும்போது ஹே-வொன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அவன் கெட்டவன் இல்ல டிரைவரம்மா, குடிச்சாத்தான் இப்படி."

"நான் குடிக்காமத்தான் அடி வாங்கினேன்" என்றாள் அம்மா, வாயை முழுசாகத் திறக்காமல். பிறகு முத்திரையை எடுத்து ஊதி, அழுத்திக் குத்தினாள்.

அவ்வளவுதானா? வந்தவள் எத்தனை தடவை குனிந்து கும்பிட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டே, பையன் ரெண்டு நிறுத்தம் தள்ளித்தான் இருக்கான், கார் கிடையாது, வேலைக்கும் பஸ்தான் என்று நன்றிபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

"அவன் மறுபடி ஏறினா என்னம்மா பண்ணுவ?"

"பஸ் கார்டை மிஷின்ல வச்சான்னா ஏத்தித்தான்டி ஆகணும்."

ஏற்றினால் மட்டும் போதாதே, ஒவ்வொருவரிடமும் 'வாங்க' சொல்ல வேண்டும், சொல்லாத ஓட்டுநர்மேல் புகார் கொடுக்க நம்பர் எழுதிப் படியருகிலேயே ஒட்டியிருக்கிறார்கள்... அவனிடமும் அம்மா சொல்வாள், சொல்லித்தான் ஆக வேண்டும், வீட்டில் ஹே-வொனைக் கூப்பிடுகிற இதே குரலிலா...