புகையடுப்பு வண்டி

என் கணவன் வெண்டெலுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் மாட்டு நெஞ்சுக்கறி வேகவில்லை. டெக்சஸில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடக் கேடு வேண்டாம். இடது கை தொங்கிவிட்டது, இடது கால் இழுத்தது. பேச்சு திரும்பி வந்துவிட்டது. கால் பழகினால் சரியாகிவிடும் என்றுதான் மருத்துவர் சொன்னார். ஆனால் நடக்கப் பழக்க வந்த பெண்ணிடம், "நடந்து எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

அவன் வாழ்நாளெல்லாம் ஆசையாகப் போன இடம் கொல்லைக் கோடிதான். அங்கே பீக்கன் மரத்தடியில், இறைச்சியை விறகுப் புகையிலேயே வேகவைக்கும் அவனுடைய புகையடுப்பு நின்றது. கல்யாணமான புதிதில் எண்ணெய்க் குழாயை அறுத்து அவனே செய்தது. நடுவில் மேடும் பள்ளமுமாகப் புல்தரை. சரி, இவன் அடுப்பிடம் போகமாட்டான், அடுப்பு இவனிடம் வரட்டும் என்று முடிவு செய்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறினாலாவது மனிதன் எழுந்திருப்பான் என்று ஒரு நப்பாசை.

பகலெல்லாம் டிரெய்லர் பட்டறையில் வெல்டிங். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் வெல்டிங். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். அடுப்பை ஏற்ற ஆங்கிள் இரும்பில் வண்டிச் சட்டம் அடித்தேன். உட்கார்ந்தபடியே மூடியைத் திறக்கலாம் என்கிற உயரம், வலது கையால் தள்ளுவதற்கு ஒரு பிடி, நாலு பெரிய ரப்பர் சக்கரம். எல்லாம் அவனுக்கென்று அளந்தது. அவன் ஒரு நாள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவில்லை. டிவியில் யாரோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டிவியையும் அறுத்திருப்பேன்.

சனிக்கிழமை அவன் தம்பி லமார் வந்தான். மரக்கிளையில் சங்கிலிக் கப்பியை மாட்டி அடுப்பைத் தூக்கினோம்.

"அண்ணி, இந்தச் சக்கரத்துக்கு அடுப்பு பக்கத்து ஊருக்கே போயிடும். அண்ணனையும் மேல உக்கார வெச்சு அனுப்பிடுங்க."

"உன்னையும் சேத்து அனுப்பறேன். சங்கிலிய இழு."

அடுப்பின் ஒரு கோடியில் விறகு எரியும் நெருப்புப் பெட்டி; அந்தப் பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் அடியில் காலுக்கொரு செங்கல் இருந்தது. தரை கோணல், முட்டுக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக் காலால் ஒதுக்கிவிட்டேன். பலகை போட்டு வண்டியை உருட்டி, சமையலறை வாசலில் சிமெண்ட் தளத்தில் நிறுத்தினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. பட்டறையில் யாராவது இப்படி ஒரு வேலை செய்து காட்டட்டும் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் ஓக் விறகைப் பற்றவைத்து இறைச்சியை ஏற்றினேன். நீலமாக, மெல்லிசாகப் புகை வந்தது. அவன் திரும்பவில்லை. மதியம் ஆனது. வாசலில் உட்கார்ந்தே கண்ணயர்ந்துவிட்டேன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

திடுக்கிட்டு விழித்தேன். வெண்டெல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"கொழுப்பு கருகுது. உள்ள இருக்கற எனக்குத் தெரியுது, பக்கத்துல இருக்கற உனக்குத் தெரியலையா?"

புகை கறுத்திருந்தது. வடியும் கொழுப்பைப் பிடிக்க மறுகோடியில் மாட்டியிருந்த வாளியில் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் நெருப்புப் பெட்டி ஓரத்தில் தேங்கிக் காய்ந்துகொண்டிருந்தது.

"மட்டமாத்தானே வெச்சேன்? ரசமட்டம் போட்டுப் பாத்தேன்."

"யாரு மட்டமா வெக்கச் சொன்னது? நெருப்புப் பக்கம் தூக்கலா இருந்தாத்தானே கொழுப்பு வாளிப் பக்கம் ஓடி வரும்? என் செங்கல் எங்க?"

"மரத்தடியில. இரு, நான் போய் எடுத்துட்டு—"

"நீ எடுத்த லட்சணம் போதும். ஜாக்கியப் போடு."

படியிறங்கினான். புல்தரையில் கால் இழுபட்டது. ஒரு பள்ளத்தில் தடுமாறினான், வேலியைப் பிடித்தான், நின்றான், மறுபடி போனான். சாப்பிட வந்திருந்த லமார் அவனைத் தாங்க ஓடப் பார்த்தான். லமாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வெண்டெல் விழுந்தால் தூக்க என்னிடம் தெம்பு இல்லை, அதுதான் உண்மை.

வியர்த்துக் களைத்து, வலது கையில் மண் ஒட்டிய ஒரு செங்கலோடு வந்தான். நான் ஜாக்கியால் உயர்த்த, நெருப்புப் பெட்டிப் பக்கத்துச் சக்கரம் ஒன்றின் அடியில் அதைத் தன் காலாலேயே தள்ளிவிட்டான்.

"இனிமே இது உருளாதே," என்றான் லமார். "அப்புறம் சக்கரம் எதுக்கு அண்ணி?"

எத்தனை மாலை, எவ்வளவு இரும்பு. அழுகைதான் வந்தது.

வெண்டெல் திரும்பிப் புல்தரையைப் பார்த்தான்.

"எங்க போற? உக்காரு கொஞ்சம்," என்றேன்.

"இன்னொண்ணு இருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் படியிறங்கினான்.